உண்ணி ஏறாத நாய்

அன்று மாலை அலயாக்கின் உடம்பில் ஓர் உண்ணிகூட இல்லை.

ஜூன் மாதத்தில் நாணல் காட்டுக்குள் போய்வந்த வேட்டைநாய் அது. கழுத்துப்பட்டை கட்டி, முதுகில் சொட்டு மருந்து விட்டிருந்தாலும் காதுமடலுக்குள்ளோ தொடையிடுக்கிலோ மயங்கியும் செத்தும் நாலைந்தாவது தொங்கும். கம்ஷாத் முற்றத்து மரக்கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கையுறை மாட்டி, கையில் இடுக்கியும் காலடியில் ஸ்பிரிட் பாட்டிலுமாக, நாயின் வெள்ளைக் கால்களில் தொடங்கி அக்குள், வாலடி, இமையோரம், விரலிடுக்கு என்று தேடிக்கொண்டே போனாள். அந்த வட்டாரத்துக்கே கால்நடை மருத்துவர் அவள்தான். உண்ணியை விரலால் நசுக்கி, ரத்தக் காய்ச்சல் வந்து செத்துப்போன இடையர்களை அவளுக்குத் தெரியும். அதனால் இந்த வேலையை அவள் யாரிடமும் விடுவதில்லை.

தேடத்தேட ஒன்றும் அகப்படவில்லை. நாயிடம் நாய் வாசனையும் இல்லை. அதன் ரோமத்திலிருந்து புதிதாய்த் தோண்டிய ஈரமண்ணின் வாசனைதான் வந்தது. மூக்குத் துளையின் ஓரத்தில் களிமண் காய்ந்து வெடித்திருந்தது. நரி வளைக்குள் தலையை விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஓடினானா?" என்று புருஷனிடம் கேட்டாள்.

எர்காசி கொட்டிலில் சேணத்தை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. "கொஞ்சம்."

"பல்ஜான் அப்பா, நான் படிச்சுப் படிச்சு சொன்னேன். கட்டிப் போடுங்கன்னு."

"ஆட்டுக்குட்டியைத் தூக்கிட்டுப் போன நரி கண்ணெதிர்ல நிக்குது. இவன் கயிறை இழுத்துக்கிட்டு அழறான். வேட்டைநாயைக் கட்டிப் போட்டு நரிக்கு வழிவிட்ட வீடுன்னு நாளைக்கு ஊரே சிரிக்கும்."

"விழுந்தானா?"

அவன் சேணத்தின் வாரைச் சுருட்டினான். "எழுந்துட்டான்ல. அதோ நிக்கிறான் பாரு."

நின்றுகொண்டுதான் இருந்தது. அதுவே பெரிய விஷயம். போன கோடையில் மாதா மாதம் கொடுக்கச் சொல்லி அவள் எண்ணி வைத்த மாத்திரைகளை, தின்றால் மூக்கு மழுங்கிவிடும் என்று எர்காசி நாய்க்குக் கொடுக்காமல் கம்பளத்துக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தான். சிர் தாரியா ஆற்றங்கரைக் கொசுவுக்கு மூக்கு மழுங்கவில்லை. வசந்தத்தில் அலயாக் இரும ஆரம்பித்தது. ஓடும்போது மயங்கி விழுந்தது. ரத்தத்தைச் சோதித்தபோது, கொசுக்கடியால் இதயத்துக்குள் வளரும் இதயப்புழு முற்றிப் போயிருந்தது. கம்ஷாத் முதுகுத் தசையில் ஊசி போட்டுப் புழுக்களைக் கொன்றாள். ஆனால் செத்த புழு எங்கும் போய்விடாது. இதயத்துக்குள்ளேயே கிடந்து, துண்டு துண்டாக நுரையீரலுக்குப் போகும். அது கரையும்வரை நாய் ஓடவே கூடாது, ஓடினால் நின்ற இடத்தில் உயிர் போகும். ஊருக்கெல்லாம் அவள் சொல்வது எடுபட்டது, சொந்த வீட்டில் மட்டும் எடுபடவில்லை.

இதெல்லாம் தெரிந்தவள் என்பதால்தான் அன்று அவளுக்குக் கோபத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. நாய் பிழைத்துவிட்டது. மகள் பல்ஜான் வாசலிலிருந்து கூப்பிட்டதும் அலயாக் எழுந்து உள்ளே போனது. அந்த ஊரில் மற்ற நாய்கள் வாசற்படியைத் தாண்டினால் செருப்பு பறக்கும், வேட்டைநாய்க்கு மட்டும் வீட்டுக்குள் இடம் உண்டு. யாரும் அதைத் தாண்டிக் கால் வைக்கக்கூட மாட்டார்கள். நாலு வயதுப் பல்ஜானின் கால்மாட்டில்தான் அவள் பிறந்ததிலிருந்து அது படுக்கிறது.

மறுநாள் அது தண்ணீர் குடிக்கவில்லை. வைத்த எலும்பு வைத்த இடத்திலேயே இருந்தது, அதன் மேல் ஈ மொய்த்தது. எலும்பின் மேல் மொய்த்த ஈ பக்கத்தில் படுத்திருந்த நாயின் மேல் உட்காராததைக் கம்ஷாத் பார்த்தாள். பார்த்தும், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

ஆற்றங்கரையில் சூரியன் சாயும்போது கொசு வரும் விதம் அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் நாணலுக்குள்ளிருந்து ஒரு முனகல், தூரத்தில் யாரோ மோட்டாரை ஓடவிட்ட மாதிரி. பிறகு அது வேலியருகே வரும், பசுக்கள் வாலை வீசத் தொடங்கும், சாணி வறட்டிப் புகையும் எரியும் காட்டுச்செடியின் கசந்த புகையும் முற்றத்தில் தாழப் பரவும், அந்தப் புகையைத் துளைத்துக்கொண்டு காதருகே, கழுத்தருகே, தேநீர்க் கிண்ணத்தைப் பிடித்த விரல் கணுவில் என்று அந்த முனகல் நூறு நூலாகப் பிரிந்து இறங்கும். அன்றும் எர்காசி சட்டைக்கு மேலேயே தன்னை அறைந்துகொண்டான். கம்ஷாத் தலைத்துணியால் முகத்தை விசிறினாள். கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்த பல்ஜான்கூட, வலைக்குள் வருமுன் கடிபட்ட முழங்காலைச் சொறிந்தாள். மீசை என்று அர்த்தம் வரும்படி முர்த் எனப் பெயர் வைத்திருந்த பூனை காதை உதறியது, அதன் காதுக்குப் பின்னால் ஓர் உண்ணி கடலைப் பருப்பளவு உப்பியிருந்தது.

அலயாக் கட்டிலின் கீழே படுத்திருந்தது. அதன் மேல் ஒரு கொசுவும் இல்லை. மேலே மட்டுமல்ல, அதைச் சுற்றி ஒரு முழத்துக்குக் காற்று சுத்தமாக இருந்தது. கொசுக்கூட்டம் அந்த எல்லைவரை வந்து, விலகி, அதைச் சுற்றிக்கொண்டு போனது.

கம்ஷாத் எழுந்தாள். உள்ளே போய் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவந்தாள். நாயின் விலாவில் வைத்தாள். இதயத் துடிப்பு கேட்கவில்லை. குழாய் அடைத்திருக்கும் என்று தட்டிப் பார்த்து, தன் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். அது தடதடவென்று அடித்தது. மறுபடி நாயின் விலாவில் வைத்தாள். துடிப்பு இல்லை. ஆனால் நிசப்தமும் இல்லை. மெதுவாக, அவசரமே இல்லாமல், ஈரமான ஏதோ ஒன்றின் மேல் இன்னொன்று நழுவும் சத்தம். சட்டியில் வெந்த நூடுல்ஸைக் கரண்டியால் புரட்டும்போது வருமே, அந்தச் சத்தம். அவள் ஊசி போட்டுக் கொன்ற புழுக்கள் அவை.

அலயாக் தலையைத் திருப்பி அவளைப் பார்த்து வாலை ஒரு முறை ஆட்டியது.

அவள் கோழிக்கூட்டுப் பக்கம் போய், மாவட்டக் கால்நடை ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை பார்த்த மூத்த மருத்துவர் ஓமிர்சாக்குக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, உண்ணி எப்ப ஒரு உடம்பை விட்டு இறங்கும்?"

"என்னம்மா, இந்த வயசுல பரீட்சை எழுதறியா? வயிறு நிறைஞ்சா இறங்கும்."

"நிறையாம இறங்கினா?"

"உடம்பு ஆறிப்போச்சுன்னு அர்த்தம். அறுத்துத் தொங்கவிட்ட ஆட்டுக்குக் கீழ பாத்ததில்லையா நீ, மூட்டை முடிச்சோட கிளம்பிடும்." சிரித்தார். "ஏன், யாரோட ஆடு செத்துச்சு?"

"ஆடு இல்லண்ணே," என்றாள். போனை வைத்தாள். என்னவென்று சொல்வாள்? செத்த நாய் வாலாட்டுகிறது என்றா?

காலையில் பக்கத்து வீட்டு சாக்கேன் வந்தான். எர்காசிக்குத் தம்பி முறை. எப்போது வந்தாலும் அண்ணியை ஒரு வார்த்தை வம்புக்கு இழுக்காமல் போகமாட்டான். அன்றைக்கு வம்பு பேசவில்லை. தோளில் இருந்த மண்வெட்டியை இறக்கிச் சுவரில் சாய்த்தான்.

"கழுவிட்டேன் அண்ணி. இங்கயே வைக்கட்டுமா?"

"எங்க மண்வெட்டி உங்கிட்ட எப்படி வந்துச்சு தம்பி?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான். "அண்ணன் சொல்லலையா? மனசு கேட்டிருக்காது. நல்லா ஆழமாத்தான் தோண்டினோம் அண்ணி. நரி வந்து கிளறிடக் கூடாதுன்னு மேல கல்லும் அடுக்கினோம். நான் பாத்துக்கிட்டே இருந்தேன், ஓடிக்கிட்டே இருந்தவன் அப்படியே சரிஞ்சான், வாயில ரத்தம். அண்ணன் தன் சட்டையைக் கழட்டிப் போத்தினாரு. நீ போடா, நான் கொஞ்ச நேரம் இவன்கூட இருந்துட்டு வரேன்னாரு. பாப்பாகிட்ட எப்படிச் சொன்னீங்க?"

கம்ஷாத்துக்குப் பின்னால், வாசற்படியில், நகம் உரசும் சத்தம் கேட்டது. சாக்கேனின் கண்கள் அவள் தோளுக்கு மேலே போய் நின்றன. வாய் திறந்தபடி இருந்தது.  பின்னோக்கியே நடந்து, வேலியில் இடித்து, திரும்பிப் போய்விட்டான். தன் தொப்பி கீழே விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

எர்காசி கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தான். அவள் அவன் எதிரில் போய் நின்றாள்.

"புதைச்சீங்களா?"

"ம்."

"செத்துப் போயிருந்தானா?"

"நான் வேட்டைக்காரன். எது செத்தது, எது சாகலைன்னு எனக்குத் தெரியாதா?" பால் வாளியில் சர் சர்ரென்று விழுந்துகொண்டிருந்தது. "பல்ஜானோட முதல் சட்டையை இவன் கழுத்துலதானே கட்டினோம்."

எல்லா வீட்டிலும் செய்வதுதான். பிறந்த குழந்தை நாற்பது நாள் போட்டிருந்த சட்டையைக் கழற்றி, மிட்டாய் முடிந்து, நாயின் கழுத்தில் கட்டி விரட்டுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் துரத்திப் பிடித்து மிட்டாயை எடுத்துக்கொள்ளும். குழந்தைக்கு வரவேண்டிய கெடுதல் எல்லாம் நாயோடு போய்விடும். அன்றைக்கு அலயாக்கை ஒரு பிள்ளையாலும் பிடிக்க முடியவில்லை என்று ஊரே சிரித்தது, கம்ஷாத்தும் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"அவளுக்கு வரவேண்டியதையெல்லாம் இவன்தான் நாலு வருஷமா சுமந்தான்," என்றான் எர்காசி. "இவன் செத்தா அது எங்க போகும் சொல்லு. நேரா அவகிட்டதானே திரும்பி வரும். குழிமேல உக்காந்துகிட்டு எனக்கு இதே நினைப்பு. எப்படி வீட்டுக்கு வர்றது? அதனால பேர் சொல்லிக் கூப்பிட்டேன்."

"கூப்பிட்டா?"

"வந்தான்."

கல்லை நீங்கள்தான் எடுத்தீர்களா என்று கேட்க வந்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் முகத்தில் இருந்தது பைத்தியம் இல்லை. மகளைக் காப்பாற்றிவிட்ட தகப்பனின் களைப்பு. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

அவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனதும், பல்ஜானைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, அவள் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். காலொடிந்த குதிரைக்கும் வெறிபிடித்த நாய்க்கும் அவள் கையால் கடைசி ஊசி போட்டிருக்கிறாள். அலயாக் தானாகவே முன்காலை நீட்டியது. ரத்தக்குழாயில் ஊசியைச் செருகி, வழக்கப்படி கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். ரத்தம் வரவில்லை. மருந்தைச் செலுத்தினாள். காத்திருந்தாள். நாய் அவளையே பார்த்தது. இன்னொரு காலில் போட்டாள். பாட்டில் காலியாகும்வரை போட்டாள். நாய் அவள் மணிக்கட்டை நக்கியது. நாக்கு காய்ந்து, குளிர்ந்து இருந்தது.

படித்த படிப்பும், பார்த்த வேலையும், பெட்டியில் இருந்த மருந்தும் அத்தோடு தீர்ந்தன. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பகல் எப்படிப் போனது என்று அவளுக்குத் தெரியாது. பல்ஜானைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். பொரித்த மாவுருண்டையும் பாலும் கொடுத்தாள், குழந்தை பிய்த்துப் பிய்த்துத் தட்டோரத்தில் வைத்தது. பசிக்கவில்லையாம். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று கம்ஷாத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் எர்காசி வந்ததும் அவனிடம் சொல்லிவிட்டு, குழந்தையோடு தன் அக்கா ஊருக்குப் போய்விடுவது என்று தீர்மானித்துத் துணியை மூட்டை கட்டினாள்.

சூரியன் சாய்ந்தது. நாணலுக்குள் முனகல் தொடங்கியது.

மூட்டையோடு முற்றத்துக்கு வந்தவள், கட்டிலடியில் விரித்திருந்த வெள்ளைக் கம்பளத்தில் ஏதோ நகர்வதைப் பார்த்தாள். கடலைப் பருப்பளவு உப்பிய ஓர் உண்ணி. பாதி வயிற்றோடு, எட்டுக் காலையும் சிரமப்பட்டு இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அது வந்த பக்கம் பார்த்தாள். நாயின் வயிற்றில் ஒண்டி, முர்த் படுத்திருந்தது. கண் திறந்திருந்தது. கண்ணுக்கு நேரே கையை ஆட்டினாள். பூனை இமைக்கவில்லை. வாலை மட்டும் ஒரு முறை ஆட்டியது. பூனை வாலாட்டுகிற மாதிரி இல்லை, நாய் ஆட்டுகிற மாதிரி.

எர்காசி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டை போடாத வெறும் உடம்பு. எதிரில் ஆறிப்போன தேநீர்.

"என்ன மூட்டை?" என்றான்.

 அவன் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொசு அப்போது முற்றம் முழுவதும் நிறைந்துவிட்டது. அவள் புறங்கையில் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. கழுத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. அவன் தோள் சுத்தமாக இருந்தது. முதுகும் சுத்தமாக இருந்தது.

அவன் தன்னை அறைந்துகொள்ளவில்லை.

"நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?"

"பாப்பா பக்கத்துல. அவன் பக்கத்துல. ஏன்?"

பாப்பா.

கொசுவலைக்குள் பல்ஜான் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வலைக்குள் இருப்பவளைக் கொசு கடிக்காது, அது யாருக்கும் தெரியும். அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒன்றுமே சொல்ல முடியாது. கம்ஷாத் வலையைக் கிழித்தே விட்டாள். குழந்தையை வாரி எடுத்தாள். எர்காசி, "எங்க கூட்டிட்டுப் போற?" என்றான், குரலில் கோபம்கூட இல்லை. நாய் எழுந்து நின்றது. பின்தொடரவில்லை. அவர்கள் யாருமே பின்தொடரவில்லை.

அக்கா ஊர் மேற்கே இருந்தது. அவள் ஆற்றுப் பக்கம் ஓடினாள். எங்கே போவதானாலும் குழந்தையைக் கொசு கடிக்குமா என்று தெரிந்துகொள்ளாமல் போக முடியாது. வேலியைத் தாண்டி, உப்புப் பூத்த வெளியைத் தாண்டி, நாணல் தலைக்கு மேலே எழும் இடம்வரை ஓடினாள். காலடியில் சேறு. அழுகிய இலை நாற்றம். வானம் இன்னும் வெளுத்துக் கிடந்தது. முனகல் இப்போது முனகல் இல்லை, காதே கேட்காதபடி ஓர் இரைச்சல். பகலிலேயே மாடுகூட நுழையாத இடம். போன கோடை முழுக்க இந்தக் குழந்தையை ஒரு கொசு கடிக்கக் கூடாது என்று எண்ணெய் தடவி, புகை போட்டு, வலை தைத்து, கண்விழித்து விசிறியவள் அவள்தான்.

சேற்றில் மண்டியிட்டாள். குழந்தையின் சட்டையைக் கழற்றினாள். கைகள், முதுகு, சின்ன வயிறு, எல்லாவற்றையும் காற்றுக்குக் காட்டினாள்.

"கடிங்க," என்றாள். "கடிங்க. ஒரே ஒரு தடவை."

அவை வந்தன. அவள் கைமேல் கறுப்பாய் அப்பின. இமைமேல். உதட்டின்மேல். காதுக்குள். மூக்குக்குள். அவள் தட்டவில்லை. குழந்தையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, உன்னை மட்டும் திங்குது," என்றாள் பல்ஜான்.

"பேசாதே கண்ணு. அசையாம இரு. வரும்."

ஒன்று வந்தது. கூட்டத்திலிருந்து பிரிந்து, குழந்தையின் கன்னத்தருகே தயங்கி, இறங்கியது. கன்னத்தில் உட்கார்ந்தது. கம்ஷாத் மூச்சை நிறுத்தினாள். வாழ்க்கையில் எதற்காகவும் அவள் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. அது ஓர் அடி எடுத்து வைத்தது. இன்னோர் அடி. ஊசியைத் தாழ்த்தியது. தொட்டது.

எடுத்துவிட்டது. கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கியது. பறந்து வந்து அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

  அவள் இமைகள் வீங்கி மூடத் தொடங்கின. மங்கிய வெளிச்சத்தில் மகளின் முகம் மட்டும் தெரிந்தது. அம்மாவுக்கு வலிக்கிறதே என்று அந்த முகம் வருத்தப்பட்டது. குழந்தை கையை நீட்டி, அவள் நெற்றியில் உட்கார்ந்திருந்த கொசுக்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக, துடைக்க ஆரம்பித்தது. அந்த விரல்கள் பட்ட இடமெல்லாம் சில்லென்று இருந்தது. பட்ட இடத்தில் மறுபடி ஒரு கொசுவும் உட்காரவில்லை.